உன் சைக்கிளின் சீட்

என் வீட்டம்மாவுக்கு,

வெயில் தாங்கவில்லை என்று நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. தாங்காதது வெயிலா, நானா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். எதிர்வீட்டு டாக்டரம்மா நான்தான் என்று அடித்துச் சொல்கிறார். அவருக்கு யார் சொன்னது?

நாம் சேர்ந்து போகப் பதிவு செய்திருந்த மலைப்பயணத்துக்கு நான் மட்டும் போய்வந்தேன். என் சைக்கிள் பஞ்சர் என்று வைத்துக்கொள். உன்னுடையதை எடுத்துப் போனேன். மேலே நல்ல குளிர். முதல் நாள் சைக்கிள் பயணம்; ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க என் முட்டி தாடையில் இடித்தது. எங்கள் குழுவைக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண் சிரித்துவிட்டாள்.

"என்ன சார், தவளை மாதிரி ஓட்டுறீங்க? சீட்டை ஏத்திடலாமா? ரெண்டு நிமிஷ வேலைதான்."

"வேணாம்மா. வீட்டம்மா சைக்கிள். அப்புறம் அவளுக்குக் கால் எட்டாது."

"அவங்கதான் வரலையே சார்?"

"வருவா."

"எப்ப?"

வாயாடி என்று நீ கொடுத்த பட்டம் அங்கேயே பறிபோயிற்று. இறங்கி, உச்சிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன்.

மறுநாள் நடைபயணம். எல்லோருக்கும் கடைசியாக நொண்டிக்கொண்டு போனேன். நாக்கு வறண்டும் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் குடிக்காமல் யாருக்காக வைத்திருந்தேனோ, தெரியவில்லை.

சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன். சீட் உன் உயரத்திலேயே இருக்கிறது. ஏற்றட்டுமா, வேண்டாமா? ஒரு வரி எழுது.

முட்டி வீங்கிய
உன் வீட்டுக்காரன்