மெதுவாக நடப்பவர் முன்னால்

இரண்டாம் குடில்,
மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அவரும் நலம் என்றுதான் சொல்கிறார். நீ, அத்தான், குட்டி மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னடா இவள் கடிதமெல்லாம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. இங்கே போன் வெறும் டார்ச் லைட்தான். மலைக் குடில்களுக்கு மாவும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிவரும் கோவேறு கழுதைக்காரர், திரும்பி இறங்கும்போது யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார். அவர் கீழே பஸ் டிரைவரிடம் கொடுப்பாராம், டிரைவர் உன் ஜெராக்ஸ் கடையில் போட்டுவிட்டுப் போவாராம். வந்து சேர்ந்தால் சரி.

மலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உனக்கு மட்டும் ஓர் உண்மையைச் சொல்கிறேன். கல்யாணம் நிச்சயமான பிறகு ஒருநாள் அவர் போனில், உங்களுக்கு எங்கே போக ஆசை என்று கேட்டார். நான் அப்போது ஃபேக்டரி ஆபீஸில் இருந்தேன். எதிரே காலண்டரில் பனிமலைப் படம். மலை என்று சொல்லிவைத்தேன். கப்பல் படம் இருந்திருந்தால் கடலுக்குப் போயிருப்போம். மனிதர் அதை என் வாழ்நாள் கனவு என்று எடுத்துக்கொண்டு, லீவு சேர்த்து, ஒவ்வொரு குடிலாக இடம் பிடித்து, ஷூ முதல் குல்லா வரை வாங்கிவிட்டார். இனிமேல் எந்த முகத்தோடு காலண்டர் கதையைச் சொல்வது?

முதல் குடிலில் இருந்த அம்மா, கிளம்பும்போது ஒரு விதி சொன்னார்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும், மற்றவர் அந்த வேகத்துக்குப் பின்னால் வர வேண்டும், அப்போதுதான் யாரும் விடுபட்டுப்போக மாட்டார்களாம். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாளெல்லாம் தையல் மெஷின்களுக்கு நடுவே நின்றபடியே வேலை வாங்குகிற கால் இது. ஆமை என்று நினைத்தாரா? விட்டேன் பார் நடை. அவரும் பின்னால் வருகிறார். திரும்பிப் பார்த்தால், நீங்க போங்க, நான் பின்னாடியே வர்றேன் என்கிறார். இன்னும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் 'நீங்க' தான். பாங்கு கவுண்டரில் இரண்டு பேர் பேசிக்கொள்வது போல இருக்கும், கேட்டால் சிரிப்பாய்.

கவலை என்னவென்றால், நேற்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் கிளறிவிட்டு, வயிறு நிறைஞ்சிடுச்சு என்கிறார். நெற்றியைத் தூணில் அழுத்திக்கொண்டு நிற்கிறார். கேட்டால் தூக்கம் போதவில்லையாம். இன்று காலை அவர் பையை நகர்த்தலாம் என்று தூக்கினேன், தோள்பட்டையே கழன்றுவிட்டது. தராசு ரிப்பேர் செய்கிற மனிதர், வீட்டில் இரண்டு பையையும் நிறுத்துப் பார்த்து, ரெண்டும் சரிசமம் என்று காட்டியவர். பிறகு எனக்குத் தெரியாமல் என் சாமானில் பாதியைத் தன் பையில் திணித்துக்கொண்டிருக்கிறார். மனசு குளிர்ந்தது, முதுகில் நாலு வைக்கலாமா என்றும் இருந்தது.

வைக்கவில்லை. நீதானே சொல்லி அனுப்பினாய், ஆறு மாசத்துக்கு வாயைத் திறக்காதடி பட்டாசு, உன் கோபம் தெரிஞ்சா மனுஷன் திண்டாடிப்போவான் என்று. நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது.

அம்மாவிடம் எல்லாம் நல்லபடி என்று சொல். குட்டிக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
நமுத்துப்போன உன் பட்டாசு

*

மூன்றாம் குடில்,
மாலை நான்கு இருக்கும்

அன்பு அக்கா,

கழுதைக்காரர் கிளம்பிக்கொண்டிருக்கிறார், அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் குளிர் என்று வைத்துக்கொள்.

ஒரே மூடுபனி. ஏற்றம் என்றால் அப்படி ஓர் ஏற்றம். வழியில் அவர் ஒரு பாறைக்குப் பின்னால் போனார், போட்டோ எடுக்கப் போவதாகச் சொன்னார். இந்தப் பனியில் என்ன போட்டோ? திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் நீர், வாயைக் கழுவிய ஈரம். வாந்தி எடுத்தீங்களா என்று கேட்டேன். சேச்சே, மூக்குதான் ஒழுகுது என்றார். அக்கா, நான் குழந்தையா?

இந்தக் குடிலை ஒரு பெரியவர் பார்த்துக்கொள்கிறார். இவரைப் பார்த்த உடனே உட்காரவைத்து, விரல் நகத்தைப் பார்த்து, தலைவலி உண்டா என்று கேட்டார். தலைவலியோட இதுக்கு மேல ஏறக் கூடாது தம்பி, இறங்கினா தானா சரியாயிடும், ஏறினா உயிருக்கே வினை என்றார். இவர் சிரித்துக்கொண்டே, இது பஸ்ஸுல வந்த தலைவலிங்க, மலைத் தலைவலி இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இது உங்க ஆசைங்க, நாளைக்கு மேல இருக்கிற கணவாயை நீங்க பார்த்தே ஆகணும் என்றார்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒரு ஆசையும் இல்லை, காலண்டரைப் பார்த்து உளறினேன் என்று. வாய் வரைக்கும் வந்துவிட்டது. பெரியவர் நிற்கிறார், பக்கத்தில் வேறு நடைக்காரர்கள் நாலு பேர் டீ குடிக்கிறார்கள். இத்தனை பேர் எதிரில் சொன்னால் அவர் முகம் என்ன ஆகும்? பாவம், இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரு காலண்டருக்கா என்று சுருங்கிப்போவாரே. விழுங்கிவிட்டேன். உன்மேலும் கோபமாக வருகிறது, சும்மா சொல்லவில்லை.

என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் கத்தி, ஒரு ஹால் முழுவதையும் நிறுத்துகிறவள். ஒரே ஒரு மனிதரை நிறுத்தத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் இப்போது எனக்குப் பின்னால் பலகைக் கட்டிலில் படுத்திருக்கிறார். யாருக்கு எழுதறீங்க என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன். நான் கேட்டேன்னு சொல்லுங்க என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, யாருக்கு எழுதறீங்க என்றார். சொன்னேன். நான் கேட்டேன்னு சொல்லுங்க என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். இதோ, மூன்றாவது தடவை கேட்கிறார், அக்கா.

பதில் எழுதாதே, வந்து சேராது. நீ கும்பிடுகிற சாமி எதுவானாலும் இன்றைக்கு எங்கள் இருவருக்காகவும் கும்பிட்டுக்கொள்.

உன்,
பட்டாசு

*

அடிவார மருந்தகம்,
மறுநாள் பிற்பகல்

அக்கா,

பயப்படாதே என்றுதான் முதல் வரி எழுத நினைத்தேன். எனக்கே அடங்காத பயத்தை உன்னிடம் எப்படி அடக்கச் சொல்வது? முதலில் இதைப் படித்துக்கொள்: அவர் உயிரோடு இருக்கிறார், மூச்சு சீராக இருக்கிறது. இனி மற்றதைச் சொல்கிறேன்.

விடிந்ததும், பெரியவர் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடலாம் என்று இவர் சொன்னார். தலைவலி போயே போச்சு என்று முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றார். நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். வழக்கம்போல் நான்தான் முன்னால். அவர் பின்னால் வருகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு காற்றுதான் கேட்டது. திரும்பினால் பாதை காலி.

ஓடினேன். வளைவுக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, கையுறையைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தார். தராசுத் தட்டைச் சரிபார்ப்பது போல அத்தனை கவனமாக. என்ன பண்றீங்க என்று கேட்டேன். சைஸ் தப்பா குடுத்துட்டாங்க என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். டேய், எழுந்திருடா, மலையும் வேணாம் ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம், இறங்குடா கீழே என்று கத்தினேன். காலண்டர் கதை, பை கதை, எல்லாவற்றையும் சேர்த்து மலையே திரும்பக் கத்துகிற மாதிரி கத்தினேன். அவர் எழுந்துகொண்டார். கோபம்கூட வரவில்லை அவருக்கு. அது இன்னும் பயமாக இருந்தது. பைகளை அங்கேயே போட்டுவிட்டு, அவரை முன்னால் விட்டு, இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். குடித்தவர்போல இடது பக்கமே சாய்ந்தார். அந்தப் பக்கம்தான் பள்ளம்.

இறங்கினால்தான் சரியாகும் என்று பெரியவரின் குடிலில்கூட நிற்காமல் அதற்கும் கீழே வந்தபோது, நல்ல வேளை, கழுதைக்காரர் மேலே ஏறி வந்தார். சிலிண்டர்களை வழியோரம் இறக்கிப் போட்டுவிட்டு இவரைக் கழுதைமேல் ஏற்றிக் கட்டினார். நேராக இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். நர்ஸ் ஒருவர் இருக்கிறார், தைரியமான மனுஷி. ஆக்ஸிஜன் வைத்து ஊசி போட்டார். உயரத்தினால் மூளையில் வீக்கமாம். நேத்தே இறங்கியிருந்தா தானே நடந்து வந்திருப்பாரு என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மத்தியானம் கண் திறந்தார். உங்க பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டார், இவர் சொன்னார். தொழில் கேட்டார், சொன்னார். அம்மா பெயர், கடை போன் நம்பர், சின்ன வயசில் கை முறிந்தது எல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. பிறகு நர்ஸ் என்னைக் காட்டி, இவங்க யாரு என்றார்.

என்னையே வெகுநேரம் பார்த்தார், அக்கா. அப்புறம் ரொம்ப மரியாதையாக, நீங்க ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கீங்க, உங்க வீட்ல தேட மாட்டாங்களா என்று என்னைக் கேட்டார்.

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேட மாட்டாங்க என்றேன். சாப்பிட்டீங்களா என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனார்.

வீக்கம் வடிந்தால் ஞாபகம் வந்துவிடும், அநேகமாக வந்துவிடும் என்கிறார் நர்ஸ். பழசுதான் முதல்ல வரும், புதுசு கடைசியாகத்தான் வரும் என்றார். அவர் வாழ்க்கையில் என்னைவிடப் புதுசு எது இருக்கிறது? கல்யாணமாகி ஒரு மாதம் முடியவில்லை. இருந்த நாட்களிலும் நீங்க சாப்பிடுங்க, நீங்க முன்னாடி போங்க என்று உபசாரம்தான் செய்துகொண்டோம். ஒரு சண்டையாவது போட்டிருந்தால் அந்த வலியாவது அவர் மனதில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும். நான் போட்ட ஒரே சண்டையும் அவர் மனதில் பதியாத நேரத்தில் போட்டது.

இங்கேயும் டவர் இல்லை, புயலில் விழுந்ததை இன்னும் நிமிர்த்தவில்லையாம். கழுதைக்காரர் இதை மாலை பஸ்ஸில் கொடுத்துவிடுவார். கைக்கு வந்ததும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பு. நம் அம்மாவுக்கு இப்போது தெரிய வேண்டாம். தனியாக வராதே. அவருடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. வழியில் மெதுவாகச் சொல், ஏறி இறங்க அவங்க கையைப் பிடித்துக்கொள். என்னைத் திட்டினால் திட்டட்டும், நீ எனக்காகப் பேசாதே.

அவங்க முகம் அவருக்குத் தெரியும், கட்டில் பக்கத்தில் அவங்க உட்காரட்டும். நான் யார் என்று அவங்களை ஒரு தடவை அவரிடம் சொல்லச் சொல், அக்கா. அவங்க சொன்னால் நம்புவார்.

உன் தங்கை