ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ்

என் வீட்டுக்காரருக்கு எழுதுவது.

இங்கே உங்கள் அம்மா சுகம். மூட்டுவலிக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்தால் போதும், என்னைப் பிடிக்க வேண்டியதில்லை. நானும் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் நலமாக இருப்பதை உங்கள் தம்பி காட்டிய வீடியோவில் பார்த்துக்கொண்டேன், அதனால் விசாரிக்கவில்லை.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் வாயைத் திறந்ததும் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது.

வீட்டுச் சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. உங்கள் தம்பி வாரம் தவறாமல் வந்து அதைப் பார்த்து, நாளைக்குச் சரி பண்ணிடலாம் அண்ணி என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போகிறார். லேபில் என்னைக் குழந்தைகள் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். என் கை மெத்தென்று இருக்கிறதாம். ரத்தம் எடுத்து முடித்ததும், குத்தினதே தெரியலம்மா என்று பெரியவர்கள்கூடச் சொல்வார்கள். உங்கள் கையும் அப்படித்தான், எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களோடு வந்து இருக்க எனக்கு அனுமதி வேண்டுமென்றால் இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சையில் பாஸாக வேண்டும் என்றார்கள். அதற்கு ஞாயிறுதோறும் போனில் நீங்களே பாடம் எடுத்தீர்கள். கிளாஸ் எதுக்கு, நான் இல்லையா என்றீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மச், மெனி என்று இரண்டு வார்த்தை இருக்கிறதே, எதை எங்கே போடுவது என்று கேட்டேன். நம்ம தமிழ் மாதிரியேதான், உயர்திணைக்கு மச், அஃறிணைக்கு மெனி, மனுஷங்களுக்கு மெனி போட்டா மரியாதைக் குறைச்சல் என்று சொன்னீர்கள். அடேயப்பா, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களே, அந்தக் கேனச்சி நான்தான்.

முதல் பரீட்சையில் என்ன வேலை செய்கிறாய் என்று பரீட்சை எடுத்த அம்மாள் கேட்டார். ஐ டேக் மெனி பிளட் ஃப்ரம் மச் பீப்புள் என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து. அவர் புருவத்தைத் தூக்கினார். நான் அசத்திவிட்டதாக நினைத்தேன். அப்புறம் என்னையே கேள்வி கேட்கச் சொன்னார். ஹவ் மச் பிரதர்ஸ், ஹவ் மச் சிஸ்டர்ஸ் என்று அவர் குடும்பத்தையே மரியாதையாக விசாரித்தேன். ஃபெயில். ஒருவேளை அந்த மச் தப்போ என்று உங்களிடம் கேட்டேன். சேச்சே, நீ பயந்துட்டே, அதான் என்றீர்கள். இரண்டாவது தடவையும் ஃபெயில். உனக்கு இங்கிலீஷ் வராது, விட்டுடு, அம்மாவுக்கும் ஒரு ஆள் வேணும்ல என்றீர்கள்.

நான் விடவில்லை. உங்களிடம் சொல்லாமல் டயர் கடை மாடியில் சாயங்கால கிளாஸில் சேர்ந்தேன். கூடப் படிப்பதெல்லாம் சின்னப் பெண்கள். முதல் நாளே பக்கத்துப் பெண்ணிடம் ஹவ் மச் பிரதர்ஸ் என்று கேட்டேன். கொல்லென்று சிரித்தார்கள். டீச்சர் ஏன் மச் போட்டாய் என்றார். மரியாதைக்காக என்றேன். யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர், வெளிநாட்டுல இருக்கார் என்றேன். மறுபடியும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. நீ லேப்ல என்ன கேப்பே, எத்தனை டியூப், எவ்வளவு ரத்தம்னு தானே, எத்தனைன்னு வாயில வந்தா மெனி, எவ்வளவுன்னு வந்தா மச், எண்ண முடிஞ்சா அது, முடியலைன்னா இது, எண்ணிக்கையில மனுஷனும் மாடும் ஒண்ணுதான் என்றார். அவ்வளவுதான். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம். நாள் முழுக்க என் வாயில் இருக்கிற இரண்டு வார்த்தை. இதைச் சொல்லிக்கொடுக்கவா உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதவில்லை?

அப்போதும் உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாருங்கள். பாவம், அவருக்கே தெரியாது போலிருக்கிறது, அங்கேயும் நாலு பேர் நடுவில் இப்படிப் பேசித்தான் சிரிப்பாகிறாரோ என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். உங்களுக்காக அழுதேன். அடுத்த ஞாயிறு நீங்கள் விளையாட்டாகப் பழைய பாடத்தைக் கேட்டபோது, உங்களுக்குத் தலைகுனிவாகிவிடக் கூடாதே என்று வேண்டுமென்றே தப்பாகவே சொன்னேன். சபாஷ், கரெக்ட் என்றீர்கள்.

அதற்கப்புறம்தான் உங்கள் தம்பி அந்த வீடியோவைக் கொண்டுவந்தார். உங்கள் லிப்ட் ரிப்பேர் கம்பெனிக்காரர்கள் போட்டதாம். நடு மாடியில் லிப்ட் நின்றுவிட்டது, உள்ளே குழந்தைகள் அழுகிற சத்தம். நீங்கள் கதவு இடுக்கில் வாயை வைத்து, ஹவ் மெனி பீப்புள் இன்சைட் என்று கேட்கிறீர்கள். பிசிறில்லாமல், தினம் கேட்டுக் கேட்டுப் பழகின வாயால். அம்மா பூரித்துப் போய், எம்புள்ள எப்படிப் பேசுது பாரு, இன்னொரு வாட்டி போடு என்றார். நானும் இன்னொரு வாட்டி போடச் சொன்னேன். எத்தனை வாட்டி போட்டாலும் மெனிதான். அந்த லிப்டுக்குள் இருந்தவர்கள் உயர்திணை இல்லையா?

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஃபெயிலாகி அழுத அன்றைக்கு, அழாதே அழாதே என்று நீங்கள்தான் தேற்றினீர்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தப்பாகச் சொல்லிக்கொடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம்.

இன்னொன்று. ஒரே ஒரு ஞாயிறு உங்கள் அறையிலிருந்து பேசினீர்கள். உங்கள் பின்னால் எங்கேயோ குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் எழுந்திருக்கவில்லை. குழாய் நின்றது. கூடத் தங்கியிருந்தவர் ஊருக்கே போய்விட்டார், தனியாகத்தான் இருக்கிறேன் என்று அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தீர்கள். அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கப் போவதில்லை. அதற்கப்புறம் நீங்கள் தெருவில் நின்றுதான் பேசுகிறீர்கள், கொட்டுகிற மழையிலும்.

நான் மூன்றாம் தடவை பரீட்சைக்குப் போனேன். பாஸாகிவிட்டேன். அதே அம்மாள்தான் உட்கார்ந்திருந்தார், அதே கேள்வியைத்தான் கேட்டார். ஐ டேக் எ லிட்டில் பிளட் ஃப்ரம் மெனி பீப்புள் என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். இதை முதலில் சொல்ல வேண்டிய ஆளுக்குக் கடைசியாகச் சொல்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், இல்லையென்றால் தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கவலைப்படுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே, அவன்கிட்ட சொல்லிட்டியா என்றார். இல்லை என்றேன். சொல்லாதே, நேரா போய் வாசல்ல நில்லு, என்னைச் சின்னவன் பாத்துக்குவான் என்றார். பெற்றவருக்குப் பிள்ளையைத் தெரியாமல் இருக்குமா? சாப்பிடும்போது அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

ஆனால் அப்படி வந்து நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. பெல்லை அடித்துவிட்டு, கதவைத் திறக்கிற கை யாருடையது என்று காத்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. அதனால்தான் சொல்லிவிட்டு வருகிறேன். இல்லை, கேட்டுவிட்டு.

சர்டிபிகேட்டை உங்கள் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வராமல் அதை வெளியே எடுக்க மாட்டேன். வா என்றால் வருகிறேன். வராதே என்றால் அழுது தீர்த்துவிட்டு வேலைக்குப் போவேன், அம்மாவையும் கைவிட மாட்டேன். எதுவானாலும் ஒரு வார்த்தைதானே, அதைத் தமிழில் எழுதிவிடுங்கள். இனிமேல் எனக்குப் பாடம் வேண்டாம்.

லிப்ட் குழிக்குள் இறங்கும்போது இடுப்புப் பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள். வீடியோவில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
உங்கள் பதில் வந்து சேரும்வரைக்குமாவது
உங்கள் மனைவி