கோழிக்கூட்டுக் கிளாஸ்

22.12.91, ஞாயிறு
விடிய விடிய மழை. நத்தார்ப் பண்டிகைக்கு, அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தகப்பன் அவளைப் பார்க்க வருகிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகன் கனடாவில். அவருக்குச் சாராயம் கொடுத்தால் மரியாதையில்லையாம். பழைய சஞ்சிகையில் கொக்ரெயில் என்ற வெளிநாட்டுக் கலவைக் குடிவகையின் படம் ஒன்றை அம்மா வெட்டி வைத்திருக்கிறார். வைன் இல்லை, ஐஸ் இல்லை, சண்டையால் கரண்டே இல்லை. கொக்ரெயில் மட்டும் வேண்டும்.

23
ஒத்திகை. தென்னங்கள்ளு, தேசிக்காய்ப் புளி, இஞ்சிச் சாறு, மாதுளஞ்சாறு. கிளாஸ் விளிம்பில் சீனி. போத்தலை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கினோம், குளிர்ந்தது. வடிவான றோஸ் நிறம். ருசியும் நல்லது. அதுதான் எரிச்சல். கள்ளு என்ற சொல்லே வரக்கூடாதாம். தென்னை வைனாம்.

24
வெயில். கள்ளிறக்கும் கந்தையா அண்ணை வந்தார். அவருக்குத் தேத்தண்ணி, வேலியில் செருகிய தேங்காய்ச் சிரட்டையில். அவருடைய கள்ளுக்கு வெளிநாட்டுக் கிளாஸ். நான் அதில் ஒன்றிலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.
“எனக்குச் சிரட்டை போதும், தம்பி. உமக்கெல்லோ ஏச்சு விழப்போகுது.”
குடித்துவிட்டுப் போனார். ஏச்சு விழுந்தது. அம்மா அந்தக் கிளாஸைப் பழந்துணியால் பிடித்துக் கோழிக்கூட்டின் மேல் வைத்தார். பிறகு கை கழுவிவிட்டுப் பாலன் குடிலுக்கு வைக்கோல் பரப்பினார். தொழுவத்தில் பிறந்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் எந்த வேலிப் படலையாலோ.

25
பூசை. எல்லோரும் சகோதரர் என்று பிரசங்கம். அம்மா முன்வரிசையில்.
பின்னேரம் குசினியில் ஊற்றும் வேலை எனக்கு. கோழிக்கூட்டுக் கிளாஸைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். கூட்டின் மேல் அதே இடத்தில் புதுக் கிளாஸ் ஒன்றை வைத்தேன். கழுவியதில் சீனி ஒற்றி, மாதுள முத்துப் போட்டுத் தலைமையாசிரியர் கையில் கொடுத்தேன். இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். கள்ளு மணம் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் படிப்பு.
யார் வாய் வைத்த கிளாஸ் என்று சொல்லிவிடலாம் என்று எழும்பினேன். குசினி வாசலில் அக்கா என் சேட்டுக் கையைப் பிடித்தாள். எல்லாம் பார்த்திருக்கிறாள்.
“சொல்லிப்போடாதை, தம்பி. நான் இந்த வீட்டை விட்டுப் போகவேணும்.”
அக்காவுக்கு முப்பத்தொரு வயது. குசினிக்குள் திரும்பிப் போய்ப் போத்தலை மூடினேன்.

26
சம்மதமாம், தலைமையாசிரியர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். அக்கா கிணற்றடியில் அழுகிறாள். சந்தோஷமாம்.
சம்பந்தி குடித்த கிளாஸ் இப்போது கண்ணாடி அலுமாரியில், தனியாக. ஒருத்தரும் அதில் வாய் வைக்கக்கூடாதாம்.
கந்தையா அண்ணைக்கு இனிக் கோழிக்கூட்டில் கிடக்கும் கிளாஸாம், அது எப்படியும் பழுதுதானே என்கிறார் அம்மா. காலையில் அதில் தேத்தண்ணி கொடுத்தேன். ஒருவர் வாயும் படாத கிளாஸ்.