ஒரு முழம் இடப்பக்கம்

ஜூன் 9

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பக்கவாதம் வந்த உன் வலது கை எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நாக்கு குழறுகிறது என்று நீ அழுகிறாய், அதனால் எழுதுகிறேன். நீ இடது கையால் கிறுக்குவதைப் படிக்க என்னை விட்டால் ஆள் ஏது?

நீ மகன் வீட்டுக்குப் போனபின், சபையில் காது கேளாதவர்களுக்குப் பிரசங்கத்தைச் சைகையில் சொல்வது நான்தான். இத்தனை வருஷம் நீ நின்ற அதே ஜன்னலோரம். ஆனால் அவர்கள் என்னைப் பார்ப்பதே இல்லை. எனக்கு ஒரு முழம் இடப்பக்கம், வெறும் சுவரைப் பார்க்கிறார்கள். முன்பெஞ்சுத் தையல்காரர், அவர் மனைவி, அச்சகக்காரர், எல்லோருக்கும் கண் அங்கேதான்.

என்னைக் குறிக்க இன்னும் ஒரு சைகைப் பெயர்கூட வைக்கவில்லை. உனக்கு மட்டும் வந்த மாதமே வைத்தார்கள்: மோவாய் மச்சத்தின்மேல் இரண்டு விரல். பெயரை நாமாக வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் தரவேண்டும் என்பாய். இந்த ஊழியம் எனக்கு வரமா, வெறும் வீம்பா? இப்படியே போனால் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

உன் தங்கை

ஜூன் 16

என் செல்லக் கழுதைக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பஸ்ஸைப் பிடிக்கிறவள்போல உன் கை ஓடுகிறது. நிதானமாகச் சொல். கை சொல்வது பாதிதான், மீதியை முகம் சொல்லவேண்டும். பூப்போட்ட புடவையும் வேண்டாம், விரல்கள் அதில் தொலைந்துபோகும். என் கருநீலப் புடவை பீரோவில் இருக்கிறது, எடுத்துக்கொள்.

என் கை மரக்கட்டைதான். பொத்தான் போட்டுவிடுவதுகூட மருமகள். ஒரு விசேஷம் மட்டும் உண்டு. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் விரல்கள் விழித்துக்கொள்கின்றன. திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டினால் அசைவதில்லை, மானத்தை வாங்குகின்றன. நேற்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காணாமல்போன ஆட்டின் கதையைச் சொன்னேன். ஒரு கொம்பு கோணலான ஆடு என்று நானாகச் சேர்த்துச் சொல்வேனே, அப்படியே. சுவர்தான் சிரிக்கவில்லை.

உன் அக்கா

ஜூன் 23

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்ததும் மேலே போட்டிருந்த தேதியை இரண்டு தடவை பார்த்தேன்.

நீ ஆட்டின் கதை சொன்ன அதே ஞாயிறு, இங்கே பாஸ்டர் யோபுவைப் பற்றிப் பிரசங்கித்தார். யோபுவின் பிள்ளைகள் செத்துப்போகும் இடத்தை நான் கண்ணீரோடு சைகையில் சொல்கிறேன், இவர்கள் மொத்தமாகச் சிரிக்கிறார்கள்! முடிந்ததும் தையல்காரரைச் சைகையில் கேட்டேன். அவர் தலையில் ஒரு விரலை நேராகவும் ஒன்றைக் கோணலாகவும் வைத்துக் காட்டினார்.

"அந்த ஆடுதான்!"

"யார் சொன்னது?"

"அக்காதான். உன் பக்கத்துல நின்னு எப்பவும் அவங்கதானே சொல்றாங்க? நீதான் நடுவுல நடுவுல மறைக்கிற."

நீ வேறு ஊரில் படுத்திருக்கிறாய் என்றேன். அவர் தலையாட்டினார்.

"தெரியும். அதான் முகம் வர்றதில்ல. கை மட்டும் வருது."

நேற்று வேண்டுமென்றே ஒரு முழம் இடப்பக்கம் தள்ளி நின்றேன். அவர்கள் கண்களும் ஒரு முழம் தள்ளிப்போயின. பிரசங்கத்தின் நடுவே என் இடது முழங்கையில் எதுவோ இடித்தது. சின்ன வயதில் ஒரே மேஜையில் எழுதும்போது நீ இடிப்பாயே, அதே இடி.

பயமாக இருக்கிறது அக்கா. பயத்தைவிடப் பொறாமை அதிகமாக இருக்கிறது. நீ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய், அதனால்தான் இவர்கள் உன்னை விடவில்லை. இவர்களிடம் விடைபெற்றுக்கொள். இல்லையென்றால் நான் விலகிக்கொள்கிறேன்.

உன் தங்கை

ஜூன் 30

தங்கமே,

ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனவள் எப்படியடி சொல்லிக்கொண்டு போவாள்?

உன்மேல் கோபம் கோபமாக வந்தது. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கை இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் நான் ஒரு மூட்டை. தலைவாரிக்கொள்ள வராத கை அப்போது பறக்கிறது. விடைபெற்றுவிட்டால் அது திரும்ப வராது, எனக்குத் தெரியும். அதைப் போய் விடச்சொல்கிறாயே, கொடுமைக்காரி.

ஆனால் நேற்று நான் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் வலப்பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். அறையில் யாரும் இல்லை. உன் விசும்பல் எனக்குத் தெரியாதா? வரத்தைக் கொடுத்தவர் திரும்பக் கேட்கும்போது கையை மூடிக்கொள்வது நன்றாகவா இருக்கும்?

வருகிற ஞாயிறு சொல்லிவிடுகிறேன். கருநீலப் புடவை கட்டிக்கொண்டு போ.

உன் அக்கா

ஜூலை 7

அக்கா,

கருநீலப் புடவைதான் கட்டியிருந்தேன். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது, அவர்கள் எல்லோரும் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான் என்பது பாஸ்டருக்கும் தெரியும். தனக்குத்தான் என்று நினைத்து மனிதர் வெட்கப்பட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். தையல்காரர் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு எல்லோருடைய கண்களும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. இத்தனை மாதம் ஏங்கியது கிடைத்தபோது நான் இடப்பக்கச் சுவரைத்தான் பார்த்தேன்.

முடிந்ததும் தையல்காரர் வந்து எனக்குப் பெயர் வைத்தார். மோவாயில் இரண்டு விரல்.

"அது அக்கா பேரு! எனக்கு மச்சமே கிடையாதே!"

"அவங்கதான் உனக்குக் குடுத்துட்டுப் போனாங்க. அவங்களுக்கு இனிமே வேண்டாமாம்."

எனக்கு அந்தப் பெயர் வேண்டாம் அக்கா. என்னை மன்னித்துவிடு. உன் கை எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுது. கிறுக்கினாலும் போதும்.

நான் விலகவில்லை. அதே இடத்தில்தான் நிற்பேன், நீ சொன்னபடி நிதானமாகச் சொல்வேன். ஆனால் இடப்பக்கம் உனக்கு ஒரு முழம் விட்டுத்தான் நிற்பேன். அந்தப் பக்கம் இப்போது யாரும் பார்ப்பதில்லை, என்னைத் தவிர.

உன் தங்கை