களஞ்சியம் மங்கிய வருஷம்

அன்பு மகள் நீல்டாவுக்கு, அப்பா மெலித்தோன் சொல்லச் சொல்ல உன் அண்ணி ரூத் எழுதுகிறாள். இங்கே நான், உன் அம்மா, லாமாக்கள், கோழிகள் எல்லோரும் சௌக்கியம். அங்கே சிலி நாட்டு மலையுச்சியில் நீயும் உன் பெரிய தொலைநோக்கியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். கண் எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாய். அது முகத்தில்தான் இருக்கிறது. மீதியைக் கேள்.

புனித யோவான் திருநாளன்று விடியும் முன்னே, வழக்கம்போல் நானும் உன் ஞானத்தகப்பன் பெலிசியானோவும் களஞ்சியம் என்று நாம் சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்க மேடு ஏறினோம். அந்தக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறோ ஏழோதான், உன் தொலைநோக்கிக்கு ஆயிரத்துக்கும் மேலே என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும், அந்த ஆயிரத்தில் ஒன்றாவது எப்போது கிழங்கு ஊன்றலாம் என்று உன்னிடம் சொன்னதா? எங்களுக்குச் சொல்லும். பளிச்சென்று எழுந்தால் மழை சீக்கிரம், மங்கலாக எழுந்தால் மழை தள்ளிப்போகும், ஊன்றுவதையும் தள்ளிப்போட வேண்டும், மாற்றிச் செய்தால் விதைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே காய்ந்து ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு அது அடுப்புப் புகைக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிந்தது, மங்கல் என்றேன். பெலிசியானோ விழுந்து விழுந்து சிரித்தான். கொத்துக் கொத்தாய்ப் பளபளக்கிறதே, பங்காளிக்கு ராத்திரிக் குடித்த சோளக்கள் இறங்கவில்லையா என்றான். ஊர்க்கூட்டம் என் பேச்சைத்தான் எடுத்தது, இந்த வருஷம் தள்ளி ஊன்றுவது என்று முடிவாயிற்று. அன்றையிலிருந்து சேர்ந்து மெல்லக் கோக்கா இலை நீட்டினாலும் அவன் வாங்குவதில்லை.

உன் அம்மா தொமாசாவுக்கு உள்ளே ஏதோ வெந்துகொண்டிருந்தது. மறுநாள் நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே தொழுவச் சுவரில் என் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கோழி எச்சம், துவைக்கக் கூடாதா என்றேன். “களஞ்சியம்யா அது. வெள்ளைச் சோளத்தை மாவு தடவி நானே ஒட்டினது. பட்டப்பகல்ல உனக்கு அது கோழி எச்சமாத் தெரியுது, விடியக்காலைல வானத்துல நீ என்னத்தைப் பார்த்தே?” (ரூத் எழுதுவதை விட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.) நான் விடவில்லை, நீ எழுதினதையே எடுத்து வீசினேன். நாம் பார்க்கிற அந்த வெளிச்சம், கடல் தாண்டிக் குதிரையேறி வந்தவர்கள் இந்த மலையைப் பிடித்த காலத்தில் அங்கிருந்து கிளம்பியதாம், நானூறு வருஷத்துக்கு மேல் நடந்து வந்த வெளிச்சம் களைத்து மங்கலாகத்தானே இருக்கும் என்றேன். களைத்தது வெளிச்சம் இல்லை என்றாள்.

அதோடு நின்றாளா, போர்வையைச் சுருட்டிக்கொண்டு பெலிசியானோ வீட்டுக்குப் போனாள். அவனுக்கு அதில் ஒட்டினதைப் போல இரண்டு மடங்கு தெரிந்ததாம். அவனுக்கு எல்லாமே இரட்டை, அதுதான் கொத்துக் கொத்தாய்ப் பளபளப்பு. இதுவரை விளையாட்டு, இனிமேல் இல்லை மகளே. பார்க்கப் போன இரண்டு பேரும் குருடர்கள் என்றால் ஊர் யாரை நம்பி மண்ணைக் கிளறும்? அடுத்த விடியலில் உன் அம்மா ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மேடு ஏறினாள். இறங்கி வந்தவள் என்னைப் பார்க்காமல் சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள், வேண்டுமென்றே இன்னொரு கிண்ணம் வேறு. அப்புறம்தான் வாயைத் திறந்தாள், மங்கல்தான், எல்லோருக்கும் மங்கல். பார்த்தாயா, நான் சொன்னதுதானே என்று எழுந்தேன். “நீ கண்ணை மூடிக்கிட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பே, உட்காரு” என்றாள்.

ஆக, முடிவு மாறவில்லை, பார்க்கிற ஆள்தான் மாறியாயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து அவள்தான் ஏறுவாள். நானும் பெலிசியானோவும் அறுவடை முடிந்ததும் குஸ்கோ ஆஸ்பத்திரிக்குக் கண் அறுக்கப் போக வேண்டுமாம். மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் வானத்து ஆற்றில், நீ பால்வீதி என்கிறதில், நட்சத்திரமில்லாத திட்டாய்ப் படுத்திருக்கிற கறுப்பு லாமாவின் குட்டி இன்னும் தாய் மடியில்தான் இருக்கிறது என்று அன்று ராத்திரி உன் அம்மா சொன்னாள். நான் அதைப் பார்த்துச் சில வருஷமாகிறது, தாயின் கண்ணான இரண்டு நட்சத்திரமும் எரிவது மட்டும் தெரியும், குட்டி பால் மறந்து எங்கோ மேயப் போய்விட்டது என்று இருந்துவிட்டேன். அந்தக் கறுப்பெல்லாம் வெறும் தூசி, அதற்குள்தான் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று எழுதினாயே, அப்படியானால் அந்த லாமா மறுபடியும் சினை, அதையும் நான் பார்த்தாக வேண்டும்.

குளிரில் காது மூடிக்கொள். எப்போதும் தூரத்தையே பார்க்காமல் நேரத்துக்குச் சாப்பிடு. மலைத்தாயும் மாதாவும் உன்னைக் கைவிடமாட்டார்கள். கண் கட்டு அவிழ்க்கிற நாளுக்கு நீ இங்கே இருக்க வேண்டும், மறந்துவிடாதே. அன்றைக்கு முதலில் அந்தக் குட்டியைத்தான் தேடுவேன். அங்கே இல்லையென்றால், நீயே தேடிப் பிடித்துத் தாயிடம் கொண்டுவந்து விடு.

இப்படிக்கு, ரூத் கையைப் பிடித்துக் காட்டிய இடத்தில் பெருவிரல் வைக்கும்,
உன் அப்பா மெலித்தோன்