தோல் கோட்டு தாங்கியது

தம்பி துலுக்காணம்,

கஞ்சி சட்டியில் இருக்கிறது, கருவாட்டுக் குழம்பு உறியில். இன்றைக்காவது சாப்பிடு. நான் முதல் ரயிலில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உன் மாமாவுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. புதுவாயல் திருப்பத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி உங்கள் இருவரையும் தார் ரோட்டில் தேய்த்து இழுத்துக்கொண்டு போனதே, அந்தச் சூட்டில் அவருடைய நைலான் சட்டை உருகி முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்த இடமெல்லாம் சீழ் வைத்துவிட்டது. "சொந்தக்காரங்கள வரச் சொல்லும்மா" என்றார் டாக்டர்.

நீ போட்டிருந்த அவருடைய தோல் கோட்டைக் குப்பைக்குழியில் பார்த்தேன். துடைத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். முழங்கைப் பக்கம் தேய்ந்து வெளுத்திருக்கிறதே தவிர, எங்கேயும் கிழியவில்லை. தூறலில் உனக்குக் குளிரும் என்று அவரேதான் கழற்றிக் கொடுத்தார். நீ கேட்டு வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கோபத்தில் நான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. பேசினால் அழுதுவிடுவேன், அவ்வளவுதான்.

சாவியைப் பக்கத்து வீட்டு ரத்னாவிடம் கொடு.

அக்கா செங்கம்மாள்

எழுத மறந்தேன். நேற்று கண் விழித்ததும், "கோட்டு தாங்கிச்சா?" என்று கேட்டார். தாங்கியது, உனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. "அப்போ பையன் இன்னாத்துக்கு வர்ல? கை போயிடுச்சா? எங்கிட்ட மறைக்கிறியா?" என்று அழுகிறார். இன்றைக்கே வா, தம்பி. வந்து உன் இரண்டு கைகளையும் அவருக்குக் காட்டு.