இரண்டு பெயர், ஒரே குடம்

ஐப்பசி 10, செவ்வாய். விடியலிலிருந்து தூறல்.

இருந்தவர்கள்: நான், மகன் குமார் (லாரி ஓட்டி வந்த அசதி, குறட்டை), பேத்தி தீபா, சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டு மும்தாஜ். கொடியில் துணியை எடுக்க மறந்தேன். எல்லாம் துறைமுகக் கரித்தூள்.

தீபாவுக்கு வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் கோர்ஸில் வாய்மொழித் தேர்வு. போன தடவை "மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறே" என்று சார் திருப்பி அனுப்பினார். (நான் மறக்கவில்லை.) இந்த முறையும் போனால் கோர்ஸே போச்சு. யாருக்காவது புரியவைத்துப் பழகணுமாம். அகப்பட்டது நான்.

"ஆயா, கிளாஸுன்னா அச்சு. ஆப்ஜெக்டுன்னா அதுல வார்த்த கொடம்."

"பிளாஸ்டிக் கொடமா?"

"ஆமா. அச்சுல தண்ணி நிக்குமா? கொடத்துலதான் நிக்கும்."

அட! இவ்வளவுதானா?

புதன். வெயில். தண்ணி லாரி வந்தது.

கீழேயிருந்து மாடியைப் பார்த்து நான் கத்தினேன்: "மும்தாஜு, எறக்கு, மூணு கொடம்!" தீபா குதித்தாள். இதுதானாம் மெத்தட் கால், அதாவது வேலை ஏவுவது. முதலில் யார், ஒரு புள்ளி, அப்புறம் என்ன வேலை, அடைப்புக்குறிக்குள் எத்தனை. ஆயுசு முழுக்க இதைத்தானே செய்கிறேன்!

சாயங்காலம் தீபாவின் லேப்டாப்பில் ஒற்றை விரலால் நானே அடித்தேன். தமிழிலேயே பெயர் வைக்கலாம்; அச்சுக்குக் குடம் என்று தீபா வைத்திருந்தாள். குடம்.நிரப்பு(5). சிவப்பாக ஏதோ வந்தது.

"இன்னாடி, திட்டுதா?"

"எந்தக் கொடம்னு சொல்லலியே ஆயா. அச்சாண்ட போயி தண்ணி புடிக்க சொல்ற."

நியாயம். குடம் என்று எழுதிப் பக்கத்தில் வெறும் அடைப்புக்குறி போட்டால் புதுக் குடம் பிறக்கும். அதற்கு நீலம் என்று பெயர். நீலம்.நிரப்பு(5). எவ்வளவு தண்ணீர் என்று கேட்டோம். 5! கத்திவிட்டேன். குமார் எழுந்து உட்கார்ந்து, "தண்ணி லாரியா?"

வியாழன். புழுக்கம். மத்தி குழம்பு.

இன்னொரு குடம், பெயர் பச்சை. அதில் தண்ணீர் 0. அவரவர் தண்ணீர் அவரவருக்குள். பிறகு தீபா 'புதுசு = பச்சை' என்று அடித்தாள்.

"இப்ப மொத்தம் மூணு கொடம்" என்றேன்.

"புதுசுல நாலு ஊத்திப் பாரு."

ஊற்றினேன். பச்சையைக் கேட்டால் அதிலும் 4! புதுக் குடமே பிறக்கவில்லை. பெயர்தான் இரண்டு.

லேப்டாப்பைத் தள்ளிவைத்தேன். குமார் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது கல்மண்டபம் குழாயடியில் நடந்த சண்டையைச் சொன்னேன். என் பச்சைக் குடம். காய்ச்சிய ஆணியால் என் பெயர் போட்டது. எதிர்வீட்டுக் கஸ்தூரி அதை பிளேடால் சுரண்டித் தன் பெயரை எழுதினாள். சந்து ஜனமே பெயரைப் படித்துவிட்டு அவளுடையது என்றது. குமாருக்கு அன்று காய்ச்சல். வெறுங்கையோடு வீடு வந்தேன்.

தீபா சிரிக்கவில்லை. "பேருதான் மாறிச்சு ஆயா. கொடம் உன்னுதுதான்."

அன்றைக்கு நான் தொண்டை கிழியச் சொன்னதும் இதையேதான்.

வெள்ளி. ராத்திரி பிடித்த மழை விட்டது.

மாடிப்படியில் ஓடிவரும் சத்தத்திலேயே தெரிந்தது. பாஸ்! ஒரே ஆப்ஜெக்டுக்கு இரண்டு பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று சார் கேட்டாராம். இவள் குழாயடிச் சண்டையைச் சொல்லியிருக்கிறாள். சார் எழுந்து நின்று சிரித்தாராம். மும்தாஜ் சேமியா பாயசம் கொண்டுவந்தாள்.

சாரை மன்னித்தாயிற்று.

ராத்திரி மாத்தூரிலிருந்து போன். அங்கே குடிபோன கஸ்தூரி. "யக்கா, நம்ம கொயந்த பாஸாமே! பழசெல்லாம் வுட்ரு."

"அந்தப் பச்சக் கொடம் யாருது?"

"அதையா இன்னும் நெனச்சிகினு கீற? அதுல எம்பேரு இருந்துச்சில்ல!"

போனை வைத்தேன்.

கஸ்தூரியை மட்டும் மன்னிக்க மாட்டேன்.